ஏஎம்335எக்ஸ் குடும்பத்துக்கு ஒரே லினக்ஸ் கெர்னல்: கான்ஃபிக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏஎம்335எக்ஸ் சிப்பை வைத்துச் செய்த மூன்று போர்டுகள் இருக்கின்றன. முதலாவது பீகிள்போன் பிளாக் என்ற போர்டைப் பார்த்து வடிவமைத்தது, ஈஎம்எம்சியிலிருந்து (போர்டிலேயே பொருத்திய ஃபிளாஷ் சேமிப்பு) பூட் ஆகிறது. இரண்டாவதில் விலை குறைந்த 600 மெகாஹெர்ட்ஸ் சிப்பும் நேண்ட் ஃபிளாஷும். மூன்றாவதில் சிப்புக்குள் இருக்கும் பிஆர்யூ என்ற சிறு கோர்களை வைத்து மோட்டாரை ஓட்டுகிறார்கள். மூன்றுக்கும் தனித்தனி டாட்-கான்ஃபிக் ஃபைல், அதாவது கெர்னலில் எதெது சேர வேண்டும் என்று சொல்லும் ஃபைல். கெர்னலை 4.14 இலிருந்து 6.6க்கு மாற்றியபோது பழைய ஃபைல்களை அப்படியே கொண்டுபோனார்கள். இப்போது முதல் போர்டு ரூட் பார்ட்டிஷனுக்காக (கணினியின் முக்கிய ஃபைல்கள் இருக்கும் பகுதி) காத்துக்கொண்டே நிற்கிறது. இரண்டாவதில் கெர்னல் செய்திகள் எல்லாம் ஓடி முடிகின்றன, லாகின் மட்டும் வரவில்லை. மூன்றாவதில் நெட்வொர்க் இல்லை. ஒரே கெர்னலில் மூன்றையும் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் கான்ஃபிக்கை எங்கிருந்து தொடங்குவது?

முடியும். மூன்று ஃபைல்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, கெர்னல் மூலத்திலேயே தயாராக இருக்கும் தொடக்கக் கான்ஃபிக்கான ஓமேப்2பிளஸ்_டெஃப்கான்ஃபிக்கிலிருந்து தொடங்குங்கள். பழையதைத் திருத்திச் சரிசெய்யலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அது தெளிவானால் உங்கள் மூன்று கோளாறுகளும் ஒரே கோளாறுதான் என்பது தெரியும்.

கெர்னல் கான்ஃபிக் என்பது "இந்தக் கெர்னலுக்கு என்னென்ன செய்யத் தெரியும்" என்ற பட்டியல். டிவைஸ் ட்ரீ என்பது "இந்தப் போர்டில் என்னென்ன இருக்கிறது" என்ற பட்டியல். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் கொடுக்கும் கட்டளை வரி "ரூட் எங்கே, கன்சோல் எங்கே" என்று சொல்வது. ஒரு சாதனம் வேலை செய்ய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போர்டுக்குப் போர்டு மாறுவது பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான். அப்படியிருக்க, போர்டுக்கொரு கான்ஃபிக் வைத்தால் மாற வேண்டாததையும் மூன்று இடத்தில் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டி வருகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஆர்ம் கெர்னலில் போர்டுக்கொரு சி ஃபைல் இருந்தது. எந்த பின்னில் என்ன செருகியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்ளேயே எழுதியிருக்கும். 2011இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தக் குவியலைப் பார்த்து வெளிப்படையாகக் கோபப்பட்டார். அதன் பிறகுதான் ஆர்ம் பக்கம் டிவைஸ் ட்ரீக்கு வேகமாக நகர்ந்தது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் ஒரே கெர்னல் பல நிறுவனங்களின் ஆர்ம் சிப்புகளில் ஓடும் வழி முதன்முதலாக முதன்மைக் கெர்னலுக்குள் வந்தது. ஏஎம்335எக்ஸ் முதன்மைக் கெர்னலில் தொடக்கத்திலிருந்தே டிவைஸ் ட்ரீ வழியாகத்தான் ஆதரவு பெற்றது. ஆக, ஒரே கெர்னலில் முழுக் குடும்பத்தையும் ஓட்டுவது என்பது இந்தச் சிப்புக்காகவே போட்டு வைத்த பாதை.

சரி, தொடக்கப் புள்ளிகள் என்னென்ன? மல்டி_வி7_டெஃப்கான்ஃபிக் என்று ஒன்று உண்டு. ஆர்ம்வி7 வகையில் கெர்னலுக்குத் தெரிந்த கிட்டத்தட்ட எல்லா நிறுவனச் சிப்புகளும் அதில் இருக்கும். ஒரு போர்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நல்லது. பொருளில் வைத்து அனுப்ப ரொம்பப் பெரியது. ஓமேப்2பிளஸ்_டெஃப்கான்ஃபிக் இந்த நிறுவனத்தின் ஓமேப்2 முதல் ஓமேப்5 வரை, ஏஎம்33எக்ஸ்எக்ஸ், ஏஎம்43எக்ஸ்எக்ஸ், டிஆர்ஏ7எக்ஸ்எக்ஸ் எல்லாவற்றையும் தாங்கும். பீகிள்போர்டு அமைப்பின் கெர்னல் கிளையில் அவர்களுடைய போர்டுகளுக்கென்று தனி டெஃப்கான்ஃபிக் இருக்கிறது. அங்கே எத்தனையோ வகை யூஎஸ்பி சாதனங்களும் கேப்களும் (மேலே செருகும் துணைப் போர்டுகள்) செருகப்படும் என்பதால் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் தனி டிரைவர் ஃபைல்கள்) ஏராளம். உங்களுக்கு நடுவில் இருப்பதுதான் பொருத்தம்.

கட்டளை கொடுக்கும்போது ஒன்றில் மட்டும் கவனம். மேக் கட்டளைக்கு ஆர்க் என்ற மாறியில் ஆர்ம் என்றும், கிராஸ்_கம்பைல் என்ற மாறியில் கம்பைலரின் முன்னொட்டையும் ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். முன்னொட்டின் கடைசியில் ஒரு சிறு கோடு வரும்; அதை விட்டுவிட்டால் கம்பைலரே கிடைக்காது, பிழைச் செய்தியைப் பார்த்ததும் புரிந்துவிடும். ஆர்க்கை மறந்தால் நடப்பதுதான் ஆபத்து. தேர்வுகளை மெனுவாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கைத் திறக்கிறீர்கள், கெர்னல் உங்கள் கணினியின் எக்ஸ்86 மெனுவைக் காட்டுகிறது, அவசரத்தில் சேமித்துவிட்டு வெளியே வருகிறீர்கள். ஆர்ம் கான்ஃபிக் அந்த நொடியில் போயே போய்விடும். மெனுகான்ஃபிக் திரையின் உச்சியில் லினக்ஸ் என்பதற்குப் பக்கத்தில் ஆர்ம் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். இரண்டு மாறிகளையும் ஒரு சிறு ஸ்கிரிப்டில் போட்டு, குழுவில் எல்லோரும் அதன் வழியாகவே பில்ட் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்ட் வெளியீட்டை ஓ என்ற மாறி கொடுத்துத் தனி அடைவில் விழச் செய்தால் மூலம் சுத்தமாக இருக்கும்.

இப்போது உங்கள் கோளாறுகளுக்கு வருகிறேன்.

முதல் போர்டு ரூட்டுக்காகக் காத்து நிற்கிறது. 4.14 காலத்தில் இந்தச் சிப்பின் எம்எம்சி கன்ட்ரோலரை ஓட்டியது ஓமேப்_எச்எஸ்எம்எம்சி என்ற டிரைவர். பிற்பாடு எஸ்டிஎச்சிஐ-ஓமேப் என்ற புது டிரைவர் வந்தது, ஏஎம்335எக்ஸும் அதற்கு மாறிவிட்டது. உங்கள் போர்டின் டிவைஸ் ட்ரீயை எழுதிய டிடிஎஸ் ஃபைலில் நீங்கள் ஒரு வரியும் தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அது உள்ளிழுக்கும் ஏஎம்33எக்ஸ்எக்ஸ் என்ற சிப்புக்கான பொது ஃபைல் கெர்னலோடு வருவது. அங்கே எம்எம்சி முனையின் (அந்தச் சாதனத்தைப் பற்றிய பகுதி) கம்பேட்டிபிள் வரி, அதாவது எந்த டிரைவர் பொருந்தும் என்று சொல்லும் வரி, "டிஐ,ஏஎம்335-எஸ்டிஎச்சிஐ" என்று மாறியிருக்கிறது. பழைய கான்ஃபிக்கில் புது டிரைவர் இல்லை. கெர்னல் அந்த முனையைப் பார்க்கிறது, அதற்கு ஆள் யாரும் இல்லை, ரூட் வரவே வராது.

இதைக் கண்டுபிடிக்கும் முறையை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எந்தச் சாதனத்துக்கும் பொருந்தும். டிவைஸ் ட்ரீயில் வேலை செய்யாத முனையைத் திறந்து கம்பேட்டிபிள் வரியை எடுங்கள். அந்தச் சொல்லை டிரைவர்ஸ் அடைவுக்குள் கிரெப் கட்டளையால் தேடுங்கள். ஒரு சி ஃபைல் கிடைக்கும். இங்கே டிரைவர்ஸ், எம்எம்சி, ஹோஸ்ட் என்று உள்ளே போனால் எஸ்டிஎச்சிஐ-ஓமேப். அதே அடைவில் இருக்கும் மேக்ஃபைலைத் திறந்தால் அந்த ஃபைலின் பெயர் வரும் வரியிலேயே கான்ஃபிக் குறியீடும் இருக்கும்: எம்எம்சி_எஸ்டிஎச்சிஐ_ஓமேப். பிறகு மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி அந்தக் குறியீட்டைத் தேடினால் அது எங்கே இருக்கிறது, எதைச் சார்ந்திருக்கிறது, அந்தச் சார்பு இப்போது நிறைவேறியிருக்கிறதா என்று மூன்றும் ஒரே திரையில் வரும். டிவைஸ் ட்ரீ, சி ஃபைல், மேக்ஃபைல், மெனு. இந்த நாலு படி பழகிவிட்டால் யாரையும் கேட்கத் தேவையில்லை. எனக்கு இதைக் காட்டித் தந்த மூத்த பொறியாளரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

இரண்டாவது போர்டில் லாகின் வராதது இன்னொரு டிரைவர் மாற்றம். பழைய ஓமேப் சீரியல் டிரைவர் கன்சோலுக்கு டிடிஒய்ஓ0 என்று பெயர் வைத்தது, பூஜ்யத்துக்கு முன் வருவது ஓ என்ற எழுத்து. இப்போது பயன்படுவது 8250_ஓமேப். அது டிடிஒய்எஸ்0 என்று பெயர் வைக்கிறது. பழைய பூட்லோடர்கள் உடைந்துவிடக் கூடாது என்று, கட்டளை வரியில் பழைய பெயர் வந்தால் புதியதாக மாற்றிக்கொள்ளும் ஒரு கான்ஃபிக் தேர்வும் உண்டு. அதனால்தான் உங்களுக்குக் கெர்னல் செய்திகள் எல்லாம் வருகின்றன. ஆனால் அந்தத் தேர்வு கட்டளை வரியை மட்டும்தான் திருத்தும். ரூட் ஃபைல்சிஸ்டத்துக்குள் இனிட்டேப்பிலோ சிஸ்டம்டியிலோ (பூட்டின்போது நிரல்களைத் தொடங்கும் அமைப்புகள்) லாகினைக் காட்டும் கெட்டி என்ற நிரல் இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். அங்கே மாற்றுங்கள். அப்படியே பூட்லோடர் பக்கமும் புதுப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவதில் நெட்வொர்க். கதை அதேதான், ஆனால் இதில் ஒரு பாடம் கூடுதலாக இருக்கிறது. இந்தச் சிப்பின் ஈதர்நெட் பகுதியான சிபிஎஸ்டபிள்யூவுக்கு 5.5 பதிப்பில் புது டிரைவர் ஒன்று வந்தது, குறியீடு டிஐ_சிபிஎஸ்டபிள்யூ_ஸ்விட்ச்டெவ். உங்கள் டிவைஸ் ட்ரீ புது முனையைப் பயன்படுத்துகிறது என்றால் இதுதான் வேண்டும். நீங்கள் டாட்-கான்ஃபிக் ஃபைலைத் திறந்து கையாலேயே அந்த வரியை ஒய் (ஆம், கெர்னலுக்குள்ளேயே வேண்டும்) என்று எழுதிச் சேர்த்ததாகவும், பில்ட் முடிந்து பார்த்தால் வரி காணாமல் போயிருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அது பிழையில்லை. அந்தக் குறியீடு நெட்_ஸ்விட்ச்டெவ் என்பதைச் சார்ந்தது. சார்பு நிறைவேறாவிட்டால் கெர்னலின் கான்ஃபிக் கருவியான கெகான்ஃபிக் அந்த வரியை எடுத்துவிடும், ஒரு எச்சரிக்கைகூடத் தராது. கையால் திருத்தாதீர்கள் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. டாட்-கான்ஃபிக்கில் சில வரிகள் ஹேஷ் குறியில் தொடங்கி "இஸ் நாட் செட்" என்று முடியும். பார்த்தால் வெறும் குறிப்பு போலத் தெரியும். குறிப்பு அல்ல, "வேண்டாம்" என்று நீங்கள் சொன்னதன் பதிவு. அதை அழித்தால் கெகான்ஃபிக் "இவர் இன்னும் முடிவு செய்யவில்லை" என்று எடுத்துக்கொண்டு இயல்பு மதிப்பைப் போட்டுவிடும். அது ஒய் ஆகவும் இருக்கலாம். ஃபைலைச் சுருக்குகிறேன் என்று அந்த வரிகளை எல்லாம் நான் ஒருமுறை நீக்கினேன். அடுத்த பில்டில், நாங்கள் வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்த சில தேர்வுகள் திரும்பி வந்துவிட்டன. பில்டில் ஒரு பிழையும் இல்லாததால் இரண்டு நாள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

அப்புறம், குடும்பம் முழுமைக்கும் ஒரே கான்ஃபிக்கை எப்படி உருவாக்குவது.

ஓமேப்2பிளஸ்_டெஃப்கான்ஃபிக்கை ஏற்றி, எதையும் மாற்றாமல் பில்ட் செய்து, முதல் போர்டைப் பூட் செய்யுங்கள். பூட் ஆகும் ஒரு நிலை கையில் இருந்தால்தான் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் திரும்பி வர ஓரிடம் இருக்கும். பிறகு வெட்டுங்கள். முதல் வெட்டு சிப் தேர்வில்: ஏஎம்33எக்ஸ்எக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஓமேப்2, 3, 4, 5, ஏஎம்43எக்ஸ்எக்ஸ், டிஆர்ஏ7எக்ஸ்எக்ஸ் எல்லாவற்றையும் அணைக்கலாம். இதில் ஓமேப்2ஐ அணைப்பதுதான் முக்கியம். அது ஆர்ம்வி6 வகைச் சிப். வி6, வி7 இரண்டும் தேர்வில் இருந்தால் கெர்னல் இரண்டிலும் ஓட வேண்டும் என்பதால் கம்பைலர் வி6க்குத் தெரிந்த கட்டளைகளோடு நின்றுவிடும். உங்கள் கார்டெக்ஸ்-ஏ8 வி7 வகை; தன்னிடம் இருப்பதைப் பயன்படுத்தாமலே ஓடிக்கொண்டிருக்கும். வி6ஐ அணைத்ததும் கெர்னலையே தம்ப்2 என்ற சுருக்கமான கட்டளை முறையில் பில்ட் செய்யும் தேர்வும் கிடைக்கும், அளவு குறையும்.

எஸ்எம்பியும் (பல கோர்களில் ஓடுவதற்கான தேர்வு) அப்படித்தான். ஏஎம்335எக்ஸில் இருப்பது ஒரே கோர். ஓமேப்4 போன்ற பல கோர் சிப்புகளுக்காக அந்தத் தேர்வு பொதுக் கான்ஃபிக்கில் இருக்கிறது. ஒற்றைக் கோரில் ஓடும்போது கெர்னல் தொடக்கத்திலேயே தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆகவே இருந்தாலும் கெடுதல் பெரிதாக இல்லை. ஏஎம்335எக்ஸுக்கு மட்டும்தான் என்று முடிவானால் அணைத்துவிடுங்கள். நாளைக்கு ஏஎம்57எக்ஸ்எக்ஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஒய்யா (கெர்னலுக்குள்ளேயே), எம்மா (தனி மாட்யூலாக) என்ற கேள்வி. ரூட் ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகும் வரை தேவைப்படும் எல்லாம் கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும், இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டுக்கு முன் நினைவகத்தில் ஏறும் சிறு ஃபைல்சிஸ்டம்) வைக்கப் போவதில்லை என்றால். அந்த "எல்லாம்" எவ்வளவு என்பதைத்தான் நிறையப் பேர் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். ஈஎம்எம்சியிலிருந்து படிக்க எம்எம்சி டிரைவரும் எக்ஸ்ட்4உம் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் எம்எம்சிக்கு மின்சாரம் தருவது ஒரு பவர் சிப்பின் ரெகுலேட்டராக இருக்கலாம் (பீகிள்போன் பிளாக்கில் உள்ள பவர் சிப் டிபிஎஸ்65217). அந்தச் சிப்போடு பேசுவது ஐ2சி வழியாக. ஐ2சியின் பின்கள் சரியாக அமைய பின்கன்ட்ரோல்-சிங்கிள் வேண்டும். கார்டு செருகியிருக்கிறதா என்று பார்க்க ஜிபிஐஓ வேண்டும். தரவை நகர்த்த ஈடிஎம்ஏ என்ற பகுதி வேண்டும். இவற்றில் ஒன்று மாட்யூலாக ரூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருந்தால், சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியது போல்தான். எம்எம்சி டிரைவர் "இன்னொருவருக்காகக் காத்திருக்கிறேன்" என்று ஒத்திப்போட்டுவிடும், பிழைச் செய்தியும் வராது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க, கெர்னலின் உள்நிலையைக் காட்டும் டீபக்எஃப்எஸ்ஸில் டிவைசஸ்_டெஃபர்டு என்ற ஃபைல் இருக்கிறது. தற்காலிகமாக ஒரு இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கொடுத்து ஷெல் வரை வந்து அதைப் படித்தால் பதில் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது போர்டின் நேண்டுக்கு இதே பாதை வேறு பெயர்களில்: ஜிபிஎம்சி (நேண்ட் இணையும் நினைவகப் பாதை), ஓமேப் நேண்ட் டிரைவர், யூபிஐ, யூபிஐஎஃப்எஸ் (ஃபிளாஷுக்கான சேமிப்பு அடுக்கும் ஃபைல்சிஸ்டமும்) எல்லாம் ஒய். அதோடு எம்டிடி_நேண்ட்_ஓமேப்_பிசிஎச் என்பதையும் கட்டாயம் ஒய் ஆக்குங்கள். இந்தச் சிப்பின் பூட் ரோம் (சிப்புக்குள்ளேயே இருக்கும் முதல் பூட் நிரல்) நேண்டில் பிசிஎச்8 பிழைதிருத்தத்தைப் பயன்படுத்துகிறது, டிவைஸ் ட்ரீயிலும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். அந்தத் தேர்வு இல்லையென்றால் நேண்ட் டிரைவர் சாதனத்தை எடுத்துக்கொள்ளாமல் திரும்பிவிடும்; நல்லவேளையாக இது லாகில் காரணத்தைச் சொல்லிவிட்டே திரும்பும்.

எதிர்ப்பக்கமும் உண்டு: எல்லாவற்றையும் ஒய் ஆக்கிவிடுவதும் சரியல்ல. தூக்க நிலைக்குப் போய் எழ இந்தச் சிப்பில் ஒரு சின்ன கார்டெக்ஸ்-எம்3 கோர் இருக்கிறது. அதற்கான ஃபர்ம்வேர் ரூட் ஃபைல்சிஸ்டத்தில் இருக்கும். அதன் டிரைவரைக் கெர்னலுக்குள் வைத்தால், ரூட் மவுன்ட் ஆகும் முன்பே ஃபர்ம்வேரைத் தேடித் தோற்கும். மாட்யூலாக வைத்தால் தானாகச் சரியாகிறது. பிஆர்யூவுக்கும் இதே கணக்கு. 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த இரண்டு கோர்களுக்கும் உங்கள் மோட்டார் நிரல்தானே ஃபர்ம்வேர். டிஐ_பிஆர்யூஎஸ்எஸ், பிஆர்யூ ரிமோட்ப்ராக் இரண்டையும் எம் என்று வையுங்கள். உங்கள் 600 மெகாஹெர்ட்ஸ் சிப் ஏஎம்3352ஆக இருந்தால் அதில் பிஆர்யூவே கிடையாது. அதற்காகத் தனி கான்ஃபிக் தேவையா என்றால், தேவையில்லை. பொது ஃபைலில் பிஆர்யூ முனை இயல்பாக அணைந்தே இருக்கும். மூன்றாவது போர்டின் டிடிஎஸ்ஸில் மட்டும் "ஓகே" என்று எழுதுங்கள். மற்ற இரண்டு போர்டிலும் அந்த மாட்யூல் டிஸ்கில் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

கடிகார வேகமும் இப்படியே தீரும். ஒரே குடும்பத்தில் 300, 600, 800, 1000 மெகாஹெர்ட்ஸ் என்று சிப்புகள் வருகின்றன. ஆர்ம்_டிஐ_சிபியுஃப்ரெக் டிரைவர் சிப்புக்குள் எரித்து வைத்திருக்கும் ஃபியூஸைப் படித்து, இந்தச் சிப் எதுவரை போகலாம் என்று தெரிந்துகொண்டு அந்த வேகங்களை மட்டும் திறந்துவிடும். கெர்னல் ஒன்று, சிப்புக்குச் சிப் வரம்பு வேறு. சிபியுவின் ரெகுலேட்டர் வரவில்லை என்றால் மட்டும் பூட்லோடர் விட்ட வேகத்திலேயே நின்றுவிடும். "1 கிகாஹெர்ட்ஸ் சிப் மெதுவாக ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது பவர் சிப் டிரைவரைத்தான்.

எல்லாம் ஓடிய பிறகு டாட்-கான்ஃபிக்கைக் கிட் என்ற பதிப்புக் களஞ்சியத்தில் போடாதீர்கள். ஆயிரக்கணக்கான வரிகள், எது நீங்கள் எடுத்த முடிவு, எது கெர்னலின் இயல்பு என்று யாருக்கும் தெரியாது. மேக் சேவ்டெஃப்கான்ஃபிக் என்று கொடுத்தால் இயல்பிலிருந்து மாறுபட்டவற்றை மட்டும் ஒரு சின்ன ஃபைலாகத் தரும். அதைக் கிட்டில் வையுங்கள். அதற்கு மேல், சூழ்நிலைக்கு ஏற்ப மாறுபவற்றை ஃபிராக்மென்ட்களாக, அதாவது சில வரிகள் மட்டுமே உள்ள துண்டு ஃபைல்களாகப் பிரியுங்கள். நான் பிரிப்பது இப்படி: டீபக் தேர்வுகள் ஒன்று, உற்பத்திக்குப் போகும்போது அணைக்க வேண்டியவை ஒன்று, நேண்ட் தொடர்பானவை ஒன்று. போர்டின் பெயரில் ஃபிராக்மென்ட் வைக்க வேண்டாம். வைத்தால் சில மாதத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். கெர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ், கெகான்ஃபிக் அடைவில் மெர்ஜ்_கான்ஃபிக் என்ற ஸ்கிரிப்ட் இவற்றை ஒன்று சேர்க்கும். நீங்கள் கேட்ட ஒரு தேர்வு சார்பு நிறைவேறாமல் விழுந்துவிட்டால், கேட்டது இது, கிடைத்தது இது என்று இது எச்சரிக்கும். கையால் திருத்தும்போது கிடைக்காத அந்த எச்சரிக்கைக்காகவே இதைப் பயன்படுத்தலாம். தானியங்கி பில்டில் அந்த எச்சரிக்கை வந்தால் பில்ட் தோற்க வேண்டும் என்று வைத்துவிடுங்கள். முழு லினக்ஸ் அமைப்பையும் பில்ட் செய்யும் பில்ட்ரூட்டோ யோக்டோவோ பயன்படுத்தினால் இரண்டிலும் ஃபிராக்மென்டுக்கு நேரடி இடம் இருக்கிறது.

அடுத்த முறை கெர்னல் பதிப்பு மாறும்போது முதலில் மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக் கொடுத்து, புதிதாக முளைத்த தேர்வுகளைப் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் புது டிரைவர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் முதலில் தலைகாட்டும். பிறகு மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக். பழைய, புது இரண்டு டாட்-கான்ஃபிக்கையும் டிஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்டில் கொடுத்தால் என்ன விழுந்தது, என்ன வந்தது என்று வரிவரியாகக் காட்டும். விழுந்தவற்றில் உங்கள் டிவைஸ் ட்ரீயில் இருக்கும் சாதனம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 6.5 பதிப்பில் ஆர்ம் டிடிஎஸ் ஃபைல்கள் நிறுவனவாரி அடைவுகளுக்கு நகர்ந்தன; உங்களுடையவை டிஐ, ஓமேப் என்ற அடைவுக்குள் போக வேண்டும். பில்ட் ஸ்கிரிப்டில் பழைய பாதை இருந்தால் பழைய டிடிபியையே (டிடிஎஸ்ஸிலிருந்து பில்ட் ஆகும் ஃபைல்) எடுத்து ஃபிளாஷ் செய்துகொண்டிருப்பீர்கள், அதையும் பாருங்கள்.

எந்த போர்டுக்கு எந்த டிடிபி என்பதை முடிவு செய்யும் வேலை யூ-பூட் என்ற பூட்லோடருக்கு. பீகிள்போனில் ஐ2சியில் ஒரு ஈஈப்ராம் இருக்கிறது, அதில் போர்டின் பெயர் எழுதியிருக்கும். பிளாக்குக்கு "ஏ335பிஎன்எல்டி", பழைய வெள்ளை போனுக்கு "ஏ335போன்". யூ-பூட் அதைப் படித்துத்தான் டிடிபி பெயரைத் தேர்ந்தெடுக்கிறது. உங்கள் மூன்று போர்டிலும் இதே போல ஈஈப்ராம் வைத்து, உற்பத்தியின்போது பெயரை எழுதிவிட்டால் ஒரே எஸ்டி கார்டு மூன்றிலும் பூட் ஆகும். விலையைக் குறைக்க ஈஈப்ராமை எடுத்துவிட்ட போர்டு என்றால் ஜிபிஐஓவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்தாவது அடையாளம் சொல்ல வழி செய்யுங்கள். போர்டு வரைபடம் முடியும் முன் இதைச் சொல்ல வேண்டியது மென்பொருள் குழுதான்.

கெர்னலை ஸீஇமேஜாகவே ஏற்றுங்கள். பழைய யூஇமேஜ் வடிவத்தில் ஏற்றும் முகவரியைப் பில்ட் நேரத்திலேயே எழுத வேண்டும். பல சிப்புகளுக்கான கெர்னலோடு அது ஒத்துப்போகாது. கட்டளை வரியில் ரூட்டை எம்எம்சிபிஎல்கே0, 1 என்று எண் வைத்துச் சொல்லாமல் பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) கொடுங்கள். எஸ்டி கார்டு செருகியிருக்கும்போது ஒரு மாதிரி, இல்லாதபோது ஒரு மாதிரி எண் மாறி அவதிப்பட்டவர்கள் ஏராளம்.

தொடக்கத்திலேயே ஒன்றும் வராமல் நின்றால் கட்டளை வரியில் இயர்லிகான் என்ற ஒற்றைச் சொல்லைச் சேருங்கள். டிவைஸ் ட்ரீயில் எஸ்டிடிஅவுட்-பாத் எழுதியிருந்தால் அதுவே போதும். டீபக்_எல்எல் தேர்வு அதைவிட முன்னாலேயே பேசும், ஆனால் அது ஒரே ஒரு சீரியல் முகவரியைக் கெர்னலுக்குள் ஆணியடித்துவிடும். மேசைமேல் இருக்கும் போர்டோடு முடித்துக்கொள்ளுங்கள். பொதுக் கான்ஃபிக்கில் அது தங்கிவிடக் கூடாது.

மோட்டார் போர்டுக்கு ரியல்டைம் கெர்னல் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரியல்டைம் தேர்வான ப்ரீஎம்ப்ட்_ஆர்டி 2024இல் 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலுக்குள் வந்தபோது 32 பிட் ஆர்ம் அதில் இல்லை. 6.6இல் உங்களுக்குத் தனிப் பேட்ச் வேண்டும். நேரம் தவறவே கூடாத பகுதி ஏற்கெனவே பிஆர்யூவில் ஓடுகிறது என்றால் சாதாரண ப்ரீஎம்ப்ட் தேர்வோடு முதலில் அளந்து பாருங்கள். பெரும்பாலும் அது போதும் என்பது என் அனுபவம்.

கடைசியாக ஐகேகான்ஃபிக், ஐகேகான்ஃபிக்_ப்ராக் இரண்டையும் ஒய் ஆக்கிவிடுங்கள். ஓடும் கெர்னல் எந்தக் கான்ஃபிக்கில் பில்ட் ஆனது என்பதை ப்ராக் அடைவில் இருக்கும் கான்ஃபிக் ஜீஇஸட் ஃபைலிலிருந்தே எடுக்கலாம். களத்திலிருந்து ஒரு போர்டு திரும்பி வரும்போது அது எந்தப் பில்ட் என்று யாருடைய நினைவையும் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் செய்து முதல் போர்டு இன்னும் ரூட்டுக்காகக் காத்து நின்றால், இயர்லிகானோடு எடுத்த முழு பூட் லாக், சேவ்டெஃப்கான்ஃபிக் தந்த ஃபைல், போர்டின் டிடிஎஸ் மூன்றையும் அனுப்புங்கள். லாகை நடுவில் வெட்டாமல் முதல் வரியிலிருந்து அனுப்புங்கள். கட்டளை வரியும் போர்டின் மாடல் பெயரும் மேலேதான் வரும்.